இரண்டாம் குடிலின் தண்ணீர்: ஒரு நாற்றுப்பண்ணைப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையோரத்தில் இருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் நடந்தது இது. முன்பக்கம் விற்பனை நிலையம்: தொட்டிகள், உரப் பொட்டலங்கள், தேங்காய்நார்க் கழிவுக் கட்டிகள், பூவாளிகள். பின்பக்கம் மூன்று நிழல்வலைக் குடில்களும், காய்கறி நாற்றுக்கென்று ஒரு சின்ன பாலித்தீன் பசுமைக்குடிலும். முதல் குடிலில் காகிதப்பூ, அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி. இரண்டாவதில் இட்லிப்பூ, மல்லி, ரோஜா, அப்புறம் ஸ்பைடர் பிளாண்ட், டிரசீனா, அரேகா பாம் மாதிரி வீட்டுக்குள் வைக்கிற செடிகள். மூன்றாவதில் மா, கொய்யா, சப்போட்டா ஒட்டுக்கன்றுகள், சொட்டுநீரில்.

மல்லிக் கன்றுகள் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கமிருந்து வந்து இங்கே மண் நிரப்பிய பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு மாறும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மாடியில் வைக்க 'அசல் மதுரை மல்லி' கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள் என்கிறார் உரிமையாளர். கன்று எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அவர்கள் யாரும் கேட்பதில்லையாம்.

வேலை செய்பவர்கள் ஐந்து பேர். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு முழுக்க அறுபது கடந்த ஒரு பெரியவரிடம். பாக்கெட் நிரப்புவதும் களை எடுப்பதும் இரண்டு பெண்கள். வண்டியில் ஏற்றி இறக்க இரண்டு பையன்கள். பங்குனி கடைசியில் இங்கே பயிற்சிக்கு வந்தவர் தோட்டக்கலை இளநிலைப் படிப்பின் இறுதியாண்டு மாணவி. கல்லூரித் தரப்பில் அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் நான். பயிற்சி ஜூன் முதல் வாரம் வரை. நாட்குறிப்பு எழுத வேண்டும், முடிவில் அறிக்கை கொடுத்து வாய்மொழித் தேர்விலும் பதில் சொல்ல வேண்டும்.

முதல் முடிவு: கல்லாவில் யார் உட்காருவது

மாணவி எதிர்பார்த்து வந்தது பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது, பனிமூட்ட அறையில் குச்சி வேர்விட வைப்பது. உரிமையாளர் அவரை முதல் வாரமே பில் போடும் மேசையில் உட்காரவைத்துவிட்டார். கணக்கு எழுதத் தெரியும், செல்போனில் பணம் வந்ததா என்று பார்க்கத் தெரியும், இங்கிலீஷ் பேசும் வாடிக்கையாளருக்குச் செடியின் பெயர் சொல்லத் தெரியும். உரிமையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான கணக்குதான்.

மாணவி போன் செய்து வேறு பண்ணைக்கு மாற்றித் தரச் சொன்னார். "நாலு வருஷம் படிச்சது பில் போடவா சார்?" என்று கேட்டார். கோபம் புரிந்தது. ஆனால் நாற்றுப்பண்ணை என்பது செடி உண்டாக்கும் இடம் மட்டும்தான் என்று பாடத்திட்டம் ஒரு நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. செடி விற்ற பிறகு என்ன ஆகிறது என்பதைக் குடிலுக்குள் நின்று பார்க்க முடியாது. அது தெரிகிற ஒரே இடம் கல்லா. அதனால் மாற்றவில்லை. உரிமையாளரிடம் பேசி, காலை ஏழு முதல் பதினொன்று வரை குடில் வேலை, மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் கல்லா என்று பிரித்தோம். உச்சி வெயிலில் எப்படியும் யாரும் செடி வாங்க வருவதில்லை.

இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சில சமயம் திங்கட்கிழமைக் காலையையும் விழுங்கியது.

திரும்பி வந்த செடிகள்

கல்லாவில் உட்கார்ந்த சில நாளிலேயே மாணவி ஒன்றைக் கவனித்தார். வாங்கிப் போன செடியை இரண்டு மூன்று வாரத்தில் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் அதிகம். "நுனியெல்லாம் கருகிப்போச்சு", "இலை வெளுத்துட்டே வருது", "தண்ணி ஊத்தத்தான் செஞ்சோம்." உரிமையாளர் தாராள மனசுக்காரர். சண்டை போடாமல் வேறு செடி கொடுத்து அனுப்பிவிடுவார். போனபின், "இவங்களுக்குத் தண்ணி ஊத்தத் தெரியல" என்பார். எதையும் எழுதிவைப்பதில்லை.

மாணவி ஒரு நோட்டு போட்டார். செடி என்ன, வாங்கின தேதி, எந்தக் குடிலில் இருந்தது, என்ன குறை, வீட்டில் எங்கே வைத்தார்கள், எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள். உரிமையாளருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "குறைய எழுதி வச்சா வர்றவங்க கண்ணுல படும்மா" என்றார். நோட்டு மேசை டிராயருக்குள் போனது. எழுதுவது நிற்கவில்லை.

சித்திரை பாதிக்குள் 37 செடிகள் திரும்பி வந்திருந்தன. அதில் 28 இரண்டாம் குடிலில் இருந்து போனவை. அந்தக் குடிலின் செடிதான் அதிகம் விற்கிறது, அதனால் அதுதான் அதிகம் திரும்பும் என்று உரிமையாளர் சொன்னார். நல்ல ஆட்சேபணை. பில் புத்தகம் மாணவியின் கையில்தானே இருக்கிறது, எண்ணிப் பார்த்தார். விற்பனையில் இரண்டாம் குடிலின் பங்கு சுமார் பாதி. திரும்பி வருவதில் முக்கால் பங்குக்கு மேல்.

இன்னொன்றும் தெரிந்தது. திரும்பக் கொண்டுவந்தவர்களில் சிலர் லாரித் தண்ணீர் ஊற்றியவர்கள், சிலர் கார்ப்பரேஷன் தண்ணீர், சிலர் போர் தண்ணீர். வீட்டுத் தண்ணீர் வேறு வேறு. குறை மட்டும் ஒன்று. செடி இங்கிருந்து கிளம்பும்போதே எதையோ கொண்டு போகிறது என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் வந்தது.

சந்தேகம் போன வழி

உரிமையாளரின் முதல் சந்தேகம் தேங்காய்நார்க் கழிவு. புதிய லோடு வந்து அதிக நாளாகவில்லை. சரியாக அலசாத நார்க் கழிவில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் தங்கியிருக்கும், செடி நுனி கருகும் என்பது உண்மைதான். வியாபாரியிடம் போனில் சத்தம் போடும் அளவுக்கு விஷயம் போயிருந்தது. அதே லோடில் இருந்துதான் பசுமைக்குடிலின் குழித்தட்டுகளையும் நிரப்பியிருந்தார்கள். தக்காளி, கத்தரி நாற்றுகள் அதில் குறையில்லாமல் நின்றன. பிஞ்சு நாற்று தாங்குகிற நார்க் கழிவு டிரசீனாவைக் கருக்காது என்று மாணவி சொன்னார். கருவி எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்துக் குடிலை எட்டிப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

மாணவியின் சொந்தச் சந்தேகம், வேரைத் தாக்கி முடிச்சு விழவைக்கும் நூற்புழு. மல்லியில் இலை மஞ்சளாவதற்குப் பாடத்தில் மூன்று காரணம் சொல்கிறோம்: இரும்புச்சத்துக் குறை, நூற்புழு, வேரழுகல். படித்தவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேடுவார்கள். மல்லியிலும் இட்லிப்பூவிலுமாக நாலைந்து பாக்கெட்டைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்த்தார். முடிச்சு இல்லை. அழுகல் வாடை இல்லை, உருவினால் தோல் கழன்று வரவில்லை. வேர் நுனிகள் மட்டும் பழுப்பாகக் காய்ந்திருந்தன. பாக்கெட்டின் வாய் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த வெள்ளையை அங்கே வேலை செய்யும் எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். 'யூரியா வச்சது' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரும்புச்சத்துக் குறை என்று எண்ணி ஏற்கெனவே பெர்ரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் தெளித்திருந்தார்கள். மல்லிக்குச் சொல்லப்படும் அளவு அதுதான். தெளித்த வாரம் இலை கொஞ்சம் பச்சையாகும், அப்புறம் பழையபடி. மருந்து சரி, அளவும் சரி. காரணம் தினமும் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மாணவி இன்னொன்றையும் குறித்து வைத்தார். இடம் போதாமல் முதல் குடிலின் மூலையில் கொஞ்சம் இட்லிப்பூ பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒரே நாளில் நிரப்பியவை, ஒரே மண் கலவை. அவற்றிலும் இளம் இலை வெளிர்தான். ஆனால் ஓரம் கருகவில்லை. முதல் குடிலின் காகிதப்பூவும் அரளியும் உப்பைத் தாங்கும் செடிகள். அவை நன்றாக இருப்பதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு குடிலிலும் இருந்த ஒரே செடி இட்லிப்பூ என்பதால் இந்த ஒரு வரிக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

ஆர்.ஓ. மெக்கானிக் வந்த நாள்

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வருவது இந்தச் சாலை வழியாகத்தான். மூன்றுமாவடியில் எதிர்சேவை, அப்புறம் தல்லாகுளம், வைகை. சாலையெங்கும் தண்ணீர்ப் பந்தலும் மண்டகப்படியும் நிற்கும். நம் உரிமையாளரும் பந்தல் போடுகிறவர். பண்ணையின் போர் தண்ணீர் குடிக்கச் சப்பென்று இருக்கும் என்பதால், போன வருடத் திருவிழாவுக்கென்றே மணிக்கு 250 லிட்டர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். திருவிழா முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைக்கு, வாடிக்கையாளருக்கு, அக்கம்பக்கத்தில் குடத்தோடு வருகிறவர்களுக்கு. காசு வாங்குவதில்லை.

இந்த வருடமும் பந்தல். ஆட்கள் பாதிப்பேர் திருவிழாவுக்குப் போய்விட, தண்ணீர் ஊற்றும் வேலை பெரியவரோடு சேர்ந்து மாணவிக்கும் வந்தது. இயந்திரம் காலையிலிருந்து இரவு வரை ஓடியது. திருவிழா முடிந்த வாரத்தில் இரண்டாம் குடிலில் கருகல் சட்டென்று கூடியது. அக்னி நட்சத்திரம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இயந்திரத்தின் வடிகட்டி அடைத்துக்கொண்டதால் மெக்கானிக்கை வரச் சொன்னார்கள்.

அவர் பையிலிருந்து பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரை எடுத்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி அது. குடிதண்ணீரில் வைத்தார்: 60. வெளியேறும் கழிவு நீரில் வைத்தார்: 1,780. மாணவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த வேஸ்ட் தண்ணி எங்கண்ணே போகுது?" என்று கேட்டார்.

"பின்னாடி தொட்டிக்குத்தான் பைப் போட்டிருக்கு. வீணாக்க வேணாம்னு சார் சொன்னார்."

பின்னாடி தொட்டி இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. இரண்டாம் குடிலுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். அதில் மீட்டரை வைக்கச் சொன்னார் மாணவி: 1,420. நேரடிப் போர் தண்ணீர்: 940.

பாதித் தண்ணீரைச் சுத்தமாக்கி எடுத்தால் மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இயந்திரம் செய்யவேண்டிய வேலையைச் சரியாகத்தான் செய்தது. தொட்டியில் போர் தண்ணீரும் கலப்பதால் எண் நடுவில் நின்றது. பாசன நீருக்குச் சொல்லப்படும் மின் கடத்துதிறன் அளவில் மாற்றிப் பார்த்தால் 1,420 என்பது மீட்டருக்கு சுமார் 2.2 டெசிசீமன். பொதுவாக 0.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 3க்கு மேலே கடும் கட்டுப்பாடு வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல். இது நடுவில் வருகிறது, வயலில் பல பயிர் தாங்கிவிடும். பாக்கெட் செடி வேறு. கையளவு மண், சித்திரை வெயில், தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் தங்கும். மறுநாளும் அதே தண்ணீர்.

அப்போது பெரியவர் சொன்னதை மாணவி நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறார்: "அந்தத் தண்ணி கரிக்கும் தாயி. வாயில வச்சாலே தெரியும்." பைப் போட்ட நாளிலிருந்து அவருக்குத் தெரியும். செடி கருகுவதைப் பற்றி வியாபாரியிடம் கேட்டார்கள், வாடிக்கையாளரிடம் கேட்டார்கள், பாடப் புத்தகத்தில் தேடினார்கள். தினமும் அந்தத் தண்ணீரைக் கையாலே ஊற்றியவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான்.

போன வருடம் ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. நிழல்வலை மழையைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை பாக்கெட்டில் இருந்த உப்பை அலசிக் கீழே தள்ளிவிட்டது. செடி தேறியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். மழைக்குப் பிறகு மறுபடி சேர ஆரம்பித்தது பங்குனியில் கண்ணில் பட்டது.

உரிமையாளரிடம் சொல்வது

மாணவி அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றார். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். காரணம் இரண்டு. மீட்டர் எண் தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறது. கருகல் அதனால்தான் என்பது இன்னும் ஊகம். அக்னி நட்சத்திர வெயில், பாக்கெட்டின் வடிகால், உரம் என்று வேறு காரணங்களும் வரிசையில் நின்றன. இரண்டாவது, அந்த இயந்திரம் அவருக்கு வெறும் இயந்திரம் கிடையாது. பந்தலுக்காக வாங்கியது, புண்ணியக் காரியம். கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு விட்டதில் அவருக்குப் பெருமை. பந்தல் முடிந்த வாரமே ஒரு மாணவி வந்து அதைக் குறை சொன்னால் காதில் ஏறாது.

அதற்குள் பெரியவர் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்று தெரியாது. மறுநாள் உரிமையாளர் மாணவியைக் கூப்பிட்டு, "நான் நல்லதுன்னு செஞ்சது செடியக் கொல்லுதுங்கிறீங்களா?" என்று கேட்டார். மாணவி வாதாடவில்லை. "தெரியல சார். மூணு வாரம் மூணு தண்ணி ஊத்திப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இந்த வார்த்தைக்கு அவர் ஒப்புக்கொண்டார். தண்ணீர் மாதிரியும் அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. சோடியமும் குளோரைடும் கூடுதல், பைகார்பனேட் மிக அதிகம் என்று முடிவு வந்தது.

மூன்று வரிசைச் சோதனை

இட்லிப்பூவிலும் ஸ்பைடர் பிளாண்டிலும் வரிசைக்கு 15 பாக்கெட். முதல் வரிசைக்குப் பின்தொட்டித் தண்ணீர். இரண்டாவதற்கு நேரடிப் போர் தண்ணீர். மூன்றாவதற்குப் போர் தண்ணீரும் ஆர்.ஓ. குடிதண்ணீரும் பாதிக்குப் பாதி. எல்லாம் ஒரே குடிலில், ஒரே வலைக்குக் கீழே, காலையில் மட்டும். உரம் நிறுத்தப்பட்டது. கருகின பழைய இலை திரும்பப் பச்சையாகாது என்பதால் புதிதாக வரும் இலையை மட்டும் கணக்கில் எடுத்தார்.

ஸ்பைடர் பிளாண்டில் முடிவு தெளிவு. பின்தொட்டி வரிசையில் ஏறக்குறைய எல்லாப் புது இலையும் நுனி பழுத்துக் கருகியது. போர் தண்ணீர் வரிசையில் சிலது. கலவைத் தண்ணீர் வரிசையில் ஒன்றுமில்லை.

இட்லிப்பூ அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. பின்தொட்டி வரிசையில் ஓரம் கருகியது, மற்ற இரண்டில் இல்லை. ஆனால் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வருவது போர் தண்ணீர் வரிசையிலும் இருந்தது. மூன்றாவதில்தான் கொஞ்சம் தெளிந்தது. அப்படியானால் இரண்டு குறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்திருக்கின்றன. கருகல் கழிவு நீரின் உப்பால். மஞ்சள், போர் தண்ணீரிலேயே இருக்கும் பைகார்பனேட்டால். அது மண்ணின் பி.எச். அளவை, அதாவது காரத்தன்மையை, ஏற்றி இரும்பைச் செடி எடுக்க முடியாமல் செய்கிறது. ஆர்.ஓ. வருவதற்கு முன்பும் இட்லிப்பூ கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும் என்று பாக்கெட் போடும் அக்காவும் சொன்னார். உரிமையாளரின் பழைய மருந்தான இரும்புத் தெளிப்பு அந்த அளவில் சரியான மருந்துதான்.

செய்த மாற்றங்கள்

கழிவு நீர்க் குழாயைப் பின்தொட்டியிலிருந்து பிடுங்கி, கழிப்பறைக்கும் வண்டி கழுவும் இடத்துக்கும் திருப்பினார்கள். ஒரு பிளம்பரின் அரை நாள் வேலை. தரையில் நட்டிருக்கும் அரளி வேலிக்கு விடலாமே என்று உரிமையாளர் கேட்டார். அரளி தாங்கும், மண் நாளடைவில் தாங்காது என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

இரண்டாம் குடிலில் இருந்த செடிகளை அலச வேண்டியிருந்தது. பாக்கெட் கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு போர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிட்டு, சில நாள் கழித்து மறுபடியும். அப்போதுதான் இன்னொரு குறை தெரிந்தது. பாதிப் பாக்கெட்டுகளில் துளை அடியில் இல்லை, பக்கவாட்டில் இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி உப்பும் தேங்கியிருக்கிறது. கம்பியைக் காய்ச்சி அடியில் துளை போட்டார்கள். இது பெரியவரின் யோசனை. மதியம் இலை மேல் பீய்ச்சுவதும் நின்றது. இலையில் காயும் ஒவ்வொரு சொட்டும் உப்பை விட்டுப் போகும்.

கூட்டம் குறைந்த வைகாசி நாட்களில் மாணவிக்கு ஒட்டுக் கட்டவும் வாய்ப்பு கிடைத்தது. அதிகம் இல்லை.

இட்லிப்பூ வேலி

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று எழுத முடியாது. ஊருக்குள் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இட்லிப்பூ வேலி போடும் ஒப்பந்தம் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. தேதி நெருங்கிவிட்டது. இரண்டாம் குடிலின் செடிகளை மூன்று வாரமாவது அலசித் தேற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது மாணவியின் கருத்து, என் கருத்தும் அதுதான். வேறு பண்ணையில் வாங்கிக் கொடுத்தால் லாபம் முழுக்கப் போகும். உரிமையாளர் இருந்த செடியையே அனுப்பினார். "தரையில நட்டா தேறிரும்" என்றார்.

பெரும்பாலானவை தேறின. அதைச் சொல்லத்தான் வேண்டும், தரையில் வேர் பரவ இடம் உண்டு. தேறாதவற்றுக்குப் பதில் செடி கொடுக்க வேண்டி வந்தது. இரண்டு தடவை ஆள் போய் நட்டு வந்த கூலியும் சேர்ந்து, மிச்சம் பிடித்தது எவ்வளவு என்பதில் அவருக்கும் மாணவிக்கும் கணக்கு ஒத்துவரவே இல்லை. பயிற்சி மாணவிக்கு வியாபார முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது. தன் கருத்தை நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னேன். எழுதினார். உரிமையாளர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு மரியாதை கூடியது அந்தக் கையெழுத்தால்.

கல்லூரி மதிப்பீடு

அறிக்கைப் படிவத்தில் போட்ட பதியன் எத்தனை, கட்டிய ஒட்டு எத்தனை, பிழைத்தது எத்தனை சதவீதம் என்று கட்டங்கள் இருக்கின்றன. மாணவியின் எண்கள் மற்றவர்களைவிடக் குறைவு. திரும்பி வந்த செடிகளின் நோட்டுக்கும் மூன்று வரிசைச் சோதனைக்கும் படிவத்தில் இடம் இல்லை. பின்னிணைப்பாகக் கோத்து வைத்தார்.

வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி, "இவ்வளவு கம்மியா ஒட்டுக் கட்டியிருக்கீங்களே?" என்பது. அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. ஒட்டுக் கட்டத் தெரியாத தோட்டக்கலைப் பட்டதாரியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஆனால் குழுவில் இன்னொருவர் பின்னிணைப்பைப் புரட்டிவிட்டு, விற்பனைப் பங்கோடு ஒப்பிட்டது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். "முதலாளி சொன்ன ஆட்சேபணைக்குப் பதில் தேடினேன்" என்றார் மாணவி. மதிப்பெண் நடுத்தரமாகத்தான் வந்தது.

அடுத்த கோடை

பயிற்சி முடிந்தபின் திரும்பி வரும் செடிகள் குறைந்தன. ஆனால் ஆடியிலும் ஆவணியிலும் அவ்வப்போது மழை, அப்புறம் வடகிழக்குப் பருவமழை. எது குழாயைத் திருப்பியதன் பலன், எது மழையின் பலன் என்று அப்போது பிரிக்க முடியாது. அதனால் அடுத்த பங்குனி, சித்திரை வரை எதையும் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தேன். நோட்டை இப்போது கல்லாவில் உட்காரும் பையன் எழுதுகிறான். எழுத்துப் பிழை நிறைய. கட்டங்கள் விடுபடுவதில்லை.

அடுத்த கோடையின் பக்கங்களைப் பார்த்தபோது வீட்டுச் செடிகளின் நுனிக் கருகல் ஒன்றிரண்டு வரிகளாகச் சுருங்கியிருந்தது. அந்த வருடமும் பந்தல் போட்டார்கள், இயந்திரம் நாள் முழுக்க ஓடியது, கருகல் கூடவில்லை. என்னைப் பொறுத்தவரை வலுவான சாட்சி இந்தத் திருவிழா வாரம்தான். ரோஜா மட்டும் இன்னும் திரும்பி வருகிறது. அது ஓசூர்ப் பக்கத்துக் குளிரிலிருந்து லாரியில் வந்து மதுரை வெயிலில் இறங்குகிற செடி, அந்தக் கதை வேறு. இட்லிப்பூவின் வெளிறலும் அப்படியே இருக்கிறது.

இனி மாற்றுவது

பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் இப்போது ஒரு டி.டி.எஸ். பேனாவோடு போகிறார்கள். முதல் வார வேலை ஒன்றுதான்: பண்ணையின் தண்ணீர் எங்கே கிளம்பி எந்தத் தொட்டி, எந்தக் குழாய் வழியாக எந்தச் செடிக்குப் போகிறது என்று நடந்து பார்த்து, தண்ணீர் ஊற்றுபவரைக் கூட வைத்துக்கொண்டு வரைபடம் போடுவது. முதல் வரைபடத்தை இவர்கள் வரைகிறார்கள், திருத்துவது அவர். கல்லா நேரமும் குடில் நேரமும் எத்தனை மணி என்று சேரும் அன்றே இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கைப் படிவத்தில் திரும்பி வந்த செடிகளுக்கு ஒரு பக்கம் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், இன்னும் சேரவில்லை.

உரிமையாளர் இந்த வருடம் இரண்டு மாணவர்களை எடுத்துக்கொண்டார். பில் போட ஆள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. போர் தண்ணீரில் அளவாக அமிலம் கலந்து பைகார்பனேட்டைக் குறைத்தால் இட்லிப்பூ பச்சையாகுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். பி.எச். 6.5க்குக் கொண்டுவர ஒரு வாளிக்கு எவ்வளவு அமிலம் என்று முதலில் சின்ன அளவில் கலந்து பார்க்க வேண்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும், அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் சொல்லி அனுப்பியாயிற்று. பெரியவரும் அந்தச் சோதனையில் இருக்கிறார். ஒரு வரிசைக்கு அவர் கேட்டுக்கொண்டபடி வெறும் போர் தண்ணீர்தான்.